மார்க்கோவின் 20,000 எழுத்துகள்: அந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்க்கும் முறை

ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ செய்யுள் நாவலில் முதல் இயல் முழுவதையும், இரண்டாம் இயலில் பதினாறு பாக்களையும் எடுத்துக்கொண்டார் ரஷ்யக் கணிதர் அந்திரேய் மார்க்கோவ். இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் நீக்கினார். மிஞ்சிய 20,000 எழுத்துகளையும் ஒரே சரமாகக் கோத்து, எது உயிர், எது மெய் என்று ஒவ்வொன்றாக எண்ணினார். முடிவை 1913 ஜனவரி 23 அன்று (ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி) பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வாசித்தார். இன்று ‘மார்க்கோவ் சங்கிலி’ என்று கல்லூரிகளில் நடத்தப்படும் பாடத்துக்கு அவர் கொடுத்த நேரடி உதாரணம் இதுதான்.

இதைக் கையால் போட்டுப் பார்க்க உயர் கணிதம் வேண்டாம். பெருக்கல், வகுத்தல், வர்க்கம் தெரிந்தால் போதும். சூத்திரத்தை மட்டும் படித்தவருக்கும், ஆயிரம் எழுத்தையாவது கையால் எண்ணியவருக்கும் புரிதலில் வித்தியாசம் உண்டு. கீழே மார்க்கோவின் எண்களை வைத்தே ஒவ்வொரு படியும் விளக்கப்படுகிறது. உங்கள் பயிற்சிக்குத் தமிழ் உரையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பாதி வேலையும் பாதித் தவறும் இருக்கின்றன.

எதைச் சோதிக்கிறோம்

நாணயத்தை நிறையத் தடவை சுண்டினால் தலை விழும் பங்கு பாதியை நெருங்கிக்கொண்டே போகும். யாக்கோப் பெர்னூலியின் நூல் 1713-ல் வெளியிட்ட பேரெண் விதி இது. ஒவ்வொரு சுண்டலும் முந்தையதைப் பொருட்படுத்தாதது. அந்தச் சார்பின்மை இந்த விதிக்குக் கட்டாயம் வேண்டுமா?

‘வேண்டும்’ என்று 1902-ல் எழுதினார் மாஸ்கோ கணிதர் பாவெல் நெக்ராசோவ். அதோடு நிற்கவில்லை. குற்றங்கள், திருமணங்கள் போன்ற சமூகப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் நிலையாக இருக்கின்றன, ஆகவே மனிதர்களின் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை, ஆகவே மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்று கணிதத்தை இறையியலுக்குள் இழுத்தார். மார்க்கோவுக்கு இது பொறுக்கவில்லை. 1906-ல் ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளுக்கும் பேரெண் விதி பொருந்தும் என்று நிறுவிக் காட்டினார். ஒரு நிகழ்வின் முடிவு அடுத்ததைப் பாதிக்கும், அது அதற்கடுத்ததை, இப்படித் தொடரும் அமைப்பைச் ‘சங்கிலி’ என்றார்.

எனவே நீங்கள் எண்ணும்போது தேடுவது இரண்டு விஷயங்கள். அடுத்தடுத்த எழுத்துகளுக்குள் சார்பு இருக்கிறதா என்பது ஒன்று. சார்பு இருந்தும் உயிரெழுத்தின் மொத்தப் பங்கு நிலையாக நிற்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்தால், எந்த எண்ணிக்கை எதற்கு என்று குழப்பம் வராது.

உரையும் கருவிகளும்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிப்பான், சாதாரண கால்குலேட்டர். உரை ஒரே ஆசிரியருடையதாக, ஒரே நடையில் இருக்கட்டும். செய்தித்தாளின் ஒரு பக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். தலைப்பு, விளம்பரம், சுருக்கப்பெயர்கள் எல்லாம் கலந்து கணக்கைக் கெடுக்கும். உரையாடலும் பட்டியலும் அதிகமுள்ள பகுதியையும் தவிர்க்கலாம்.

எவ்வளவு எழுத்து வேண்டும் என்பது எது வரைக்கும் போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சார்பு இருப்பதைக் காண 1,000 எழுத்து போதும்; அதாவது பத்துக்குப் பத்துக் கட்டம் பத்து. பின்னால் வரும் சிதறல் கணக்கைப் (கட்டத்துக்குக் கட்டம் உயிரின் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதை) போட 50 கட்டமாவது, அதாவது 5,000 எழுத்தாவது தேவை. காரணம் எளிது. பத்தே கட்டங்களை வைத்து அளந்த சிதறலில் 45 சதவீதம் அளவுக்குப் பிழை சாதாரணமாக வரலாம். 50 கட்டத்தில் அது சுமார் 20 சதவீதம். மார்க்கோவின் 200 கட்டத்தில் சுமார் 10 சதவீதம்.

தமிழ் எழுத்தைப் பிரிப்பது

ரஷ்ய எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்கும். தமிழில் உயிர்மெய்யை உடைக்க வேண்டும்: ‘தெ’ என்றால் த் + எ. ‘வை’ என்றால் வ் + ஐ. ஐ, ஔ இரண்டும் ஒவ்வொரு உயிர். இரண்டாக உடைக்க வேண்டாம். நெடில், குறில் வேறுபாடு இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

தொடங்கும் முன் கீழ்க்கண்டவற்றுக்கு ஒரு விதியை எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். விதி எதுவாக இருந்தாலும் நடுவில் மாற்றக் கூடாது.

ஆய்தம்: உயிருமல்ல, மெய்யுமல்ல என்று விட்டுவிடுவது நல்லது. மார்க்கோவும் தனி ஒலியில்லாத ரஷ்யக் கடினக்குறியையும் (ъ) மென்குறியையும் (ь) இதே காரணத்துக்காகவே விட்டார். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மெய்யில் முடியும் சொற்களின் கடைசியிலெல்லாம் கடினக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எண்ணியிருந்தால் எண்கள் முழுக்கக் கோணலாகியிருக்கும். ‘ஃபோன்’ என்று வரும் இடத்தில் ஃப் என்பதை ஒரு மெய்யாகக் கொள்ளுங்கள்.

குற்றியலுகரம்: உயிர்தான். நாம் எண்ணுவது எழுத்தை, உச்சரிப்பை அல்ல. ‘பாட்டு’ என்பதில் கடைசி உகரம் காதில் பாதிதான் விழும். தாளில் முழுதாக இருக்கிறது.

கிரந்தம்: ஜ், ஷ், ஸ், ஹ் ஒவ்வொன்றும் ஒரு மெய். க்ஷ என்றால் க் + ஷ் + அ. ஸ்ரீ என்றால் ஸ் + ர் + ஈ.

எண்கள், சுருக்கப்பெயர்கள்: எண்களை நீக்குங்கள். ‘பிஎச்டி’, ‘சிஐடி’ போன்றவை இருக்கும் வாக்கியத்தையே விட்டுவிடலாம். அவற்றில் உயிரை ஒட்டி உயிர் வரும். தமிழ்ச் சொல்லுக்குள் அது இயல்பாக வராது.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. தமிழில் சொல்லுக்குள் இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தால், நடுவில் உடம்படுமெய் (ய் அல்லது வ்) வந்து புகுந்துவிடும். ‘கெடுப்பதூஉம்’ போன்ற அளபெடைதான் விலக்கு. ஆகவே உரைநடையில் உயிர்–உயிர் ஜோடி கிடைப்பது பெரும்பாலும் சொல் எல்லையில்தான்: ‘அவளை அழைத்தாள்’, ‘வந்தது என்று’. இதன் விளைவாகப் பதிப்பாசிரியர் சந்தி பிரித்தாரா சேர்த்தாரா என்பது உங்கள் எண்ணை நேரடியாக மாற்றும். ‘வந்தது என்று’ என்பதில் உ–எ ஜோடி உண்டு; ‘வந்ததென்று’ என்பதில் இல்லை, ஓர் எழுத்தும் குறைகிறது. ‘அவளையழைத்தாள்’ என்று சேர்த்தால் நடுவில் ய் வந்துவிடும். ‘செய்தான் என்று’, ‘செய்தானென்று’ இரண்டிலும் மட்டும் வித்தியாசமே இல்லை. ன், எ என்ற வரிசை அப்படியே இருக்கிறது. ‘வீட்டு கதவு’ என்று ஒற்றை விழுங்கி அச்சிட்டிருந்தால் ஒரு மெய்–மெய் ஜோடி காணாமல் போகும். ஆகவே இரண்டு ஆசிரியர்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், இருவருக்கும் ஒரே சந்தி வழக்கு இருக்கும் பதிப்பாகப் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஆசிரியரை அல்ல, மெய்ப்புத் திருத்துபவரை.

கட்டத்தில் நிரப்புதல்

உயிருக்கு 1, மெய்க்கு 0. எழுத்தை எழுதிப் பிறகு எண்ணாக்குவதைவிட நேரே 1, 0 போடுவது வேகம். ஆனால் முதல் இரண்டு கட்டத்துக்கு எழுத்தையும் மேலே எழுதிப் பழகுங்கள்.

ஒரு பழமொழியில் பார்ப்போம்: ‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’.

ய் ஆ ன் ஐ அ ச் ஐ ந் த் உ
த் இ ன் ன் உ ம் வ் ஈ ட் உ
அ ச் ஐ ய் ஆ ம் அ ல் த் இ
ன் ன் உ ம்

வரிசைக்குப் பத்தாக:

0101101001
0100100101
1010101001
0010

மொத்தம் 34 எழுத்து. உயிர் 5 + 4 + 5 + 1 = 15; மெய் 19. காற்புள்ளியும் இடைவெளியும் கணக்கில் இல்லை. ‘யானை அசைந்து’ என்பதில் ஐ–அ ஒட்டி நிற்கிறது, ‘வீடு அசையாமல்’ என்பதில் உ–அ. அந்த இரண்டாவது ஜோடியை நன்றாகப் பாருங்கள். உ இரண்டாம் வரிசையின் கடைசியில், அ மூன்றாம் வரிசையின் முதலில். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுவார்கள். வரிசையின் கடைசி எழுத்துக்கும் அடுத்த வரிசையின் முதல் எழுத்துக்கும் ஜோடி உண்டு. கட்டத்தின் நூறாவது எழுத்துக்கும் அடுத்த கட்டத்தின் முதல் எழுத்துக்கும் உண்டு. இவற்றை விட்டால் ஜோடிகளில் பத்தில் ஒரு பங்கு தொலைந்துபோகும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வரிசைக்கும் இடப்பக்கம் ஓரத்தில் முந்தைய வரிசையின் கடைசி எண்ணைச் சிறிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை உயிர் எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

ஜோடிகளை எண்ணுதல்

நான்கு வகை ஜோடியையும் தனித்தனியே எண்ண வேண்டியதில்லை. உயிர்–உயிரை மட்டும் எண்ணினால் மற்றவை கழித்தலில் வந்துவிடும். மார்க்கோவின் 20,000 எழுத்தில் உயிர் 8,638, மெய் 11,362, உயிர்–உயிர் ஜோடி 1,104. ஆகவே:

உயிர்–மெய் = 8,638 − 1,104 = 7,534
மெய்–உயிர் = அதே 7,534
மெய்–மெய் = 11,362 − 7,534 = 3,828

உயிரிலிருந்து மெய்க்குப் போனால் அடுத்த உயிரைப் பார்க்க மெய்யிலிருந்து திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகவோ, ஒன்று கூடக் குறையவோதான் இருக்கும். 20,000 எழுத்தில் ஜோடிகள் உண்மையில் 19,999 தான். கடைசி எழுத்துக்குப் பின் எழுத்து இல்லாததால் வரும் அந்த ஒன்றை இவ்வளவு பெரிய எண்ணில் யாரும் கண்டுகொள்வதில்லை. பழமொழியில் மட்டும் அது கண்ணில் படும்: 2 + 13 + 13 + 5 = 33.

கழித்துக் கண்ட மெய்–மெய் எண்ணிக்கையை நேரடியாகவும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு. பெரும்பாலும் மூன்று பூச்சியம் தொடர்ச்சியாக வந்த இடமாக இருக்கும். 000 என்றால் ஜோடி இரண்டு, ஒன்றல்ல. ‘வாழ்த்து’, ‘கண்ணீர்ப் புகை’ போன்ற சொற்கள் அப்படிப்பட்டவை.

மூன்று விகிதங்கள்

மொத்த உயிர் விகிதம்: 8,638 ÷ 20,000 = 0.432.

உயிருக்குப் பின் உயிர்: 1,104 ÷ 8,638 = 0.128.

மெய்க்குப் பின் உயிர்: 7,534 ÷ 11,362 = 0.663.

வகுக்கும் எண்ணில் கவனம். 1,104-ஐ 20,000-ஆல் வகுத்து 0.055 என்று எழுதிவிட்டு, மற்ற விகிதங்களோடு ஒப்பிட்டுக் குழம்புவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ‘உயிர் வந்தாயிற்று, அடுத்து என்ன’ என்பது கேள்வி. அதனால் உயிர்களின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும்.

எழுத்துகள் ஒன்றையொன்று சாராதிருந்தால் மூன்று விகிதமும் ஒன்றாகவே இருந்திருக்கும். 0.128-க்கும் 0.663-க்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சார்பு இருக்கிறது, அதுவும் பலமாக. இரண்டையும் கழித்தால் வருவதை இங்கே இணைப்பெண் என்று அழைப்போம்: 0.128 − 0.663 = −0.535. பூச்சியம் என்றால் சார்பில்லை. குறை எண் என்றால் உயிரும் மெய்யும் மாறி மாறி வர விரும்புகின்றன என்று பொருள். கூட்டல் எண் என்றால் ஒரே வகை கூட்டம் கூட்டமாக வரும். தமிழிலும் குறை எண்தான் வரும். வராவிட்டால் உயிர்மெய்யைப் பிரிக்காமல் எண்ணியிருக்கிறீர்கள்.

பழமொழிக்குப் போட்டால் 0.441, 0.133, 0.684 என்று புஷ்கினுக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. இதை வைத்துக் கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். வெறும் 34 எழுத்து. இன்னொரு பழமொழியான ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பதில் உயிர்–உயிர் ஜோடி ஒன்றுகூட இல்லை.

சிதறல்

மார்க்கோவின் வாதத்துக்கு ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. பலரும் மூன்று விகிதத்தோடு நிறுத்திக்கொள்வதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒவ்வொரு நூறு எழுத்துக் கட்டத்திலும் எத்தனை உயிர் என்று எண்ணி வரிசையாக எழுதுங்கள். சராசரி காணுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி கிடைக்கும். மார்க்கோவின் 200 கட்டங்களில் சராசரி 43.19, விலக்க வர்க்கங்களின் கூடுதல் 1,022.78, வகுத்தால் 5.114.

நாணயம் சுண்டுவது போல எழுத்துகள் விழுந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? 100 × 0.432 × 0.568 = சுமார் 24.5. கிடைத்ததோ 5.114. இரண்டின் விகிதம் 0.208. அதாவது உயிரெழுத்தின் பங்கு, சார்பில்லாத நிகழ்வுகளில் இருப்பதைவிட இன்னும் இறுக்கமாக, ஐந்தில் ஒரு பங்கு சிதறலோடு நிலைத்து நிற்கிறது. நிலைத்தன்மையைப் பார்த்தவுடன் ‘சார்பில்லை’ என்று முடிவுகட்டிய நெக்ராசோவுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சங்கிலிக் கோட்பாடு இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லுமா? சொல்லும். (1 + இணைப்பெண்) ÷ (1 − இணைப்பெண்) என்று போடுங்கள்: (1 − 0.535) ÷ (1 + 0.535) = 0.303. கிடைத்தது 0.208. திசை சரி, அளவு பொருந்தவில்லை. குறை எண்ணை வைத்துப் போடும்போது அடையாளத்தை மாற்றிவிட்டால் 3.3 வரும், அப்படி வந்தால் மேலும் கீழும் இடம் மாறிவிட்டன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மார்க்கோவ் இந்தப் பொருந்தாமையை மூடி மறைக்கவில்லை. ஓர் எழுத்துக்குப் பதில் முந்தைய இரண்டு எழுத்துகளை நினைவில் வைக்கும் சங்கிலியைப் போட்டுப் பார்த்தார். மூன்று உயிர் தொடர்ந்த இடம் 115, மூன்று மெய் தொடர்ந்த இடம் 505. இரண்டு உயிருக்குப் பின் உயிர் 115 ÷ 1,104 = 0.104. இரண்டு மெய்க்குப் பின் மெய் 505 ÷ 3,828 = 0.132. ஒரே ஒரு மெய்க்குப் பின் மெய் வரும் விகிதமோ 3,828 ÷ 11,362 = 0.337. இரண்டு மெய் சேர்ந்துவிட்டால் மூன்றாவது மெய் வருவது வெகுவாகக் குறைகிறது; எளிய சங்கிலிக்கு இது தெரியாது. இதைச் சேர்த்துப் போட்ட கணக்கில் 0.195 வந்தது. 0.208-க்குப் பக்கத்தில்.

அந்த இரட்டை நினைவுச் சூத்திரம் நீளமானது. முதல் தடவைக்கு வேண்டாம். 000 எத்தனை என்று எண்ணி இந்த இரண்டு விகிதத்தை ஒப்பிட்டாலே போதும். தமிழில் 111 எண்ண ஆசைப்பட்டால், ஓருயிரே ஒரு சொல்லாகி நிற்கும் ஈ, ஆ, ஓ போன்றவை இரண்டு உயிருக்கு நடுவில் மாட்ட வேண்டும். பத்தாயிரம் எழுத்தில் ஒன்று கிடைத்தாலும் கொண்டாடலாம்.

நினைவு எவ்வளவு தூரம் போகும்

இங்கே உயிர் நிற்கிறது என்றால், இரண்டு எழுத்து தள்ளி உயிர் நிற்க வாய்ப்பு என்ன? கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள்: இப்போதைய வாய்ப்பை 0.128-ஆல் பெருக்குங்கள், ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியை 0.663-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். வந்ததை மீண்டும் அதே போல.

உயிரில் தொடங்கினால்: 0.128, 0.594, 0.345, 0.478… மெய்யில் தொடங்கினால்: 0.663, 0.308, 0.498… இரண்டும் மேலும் கீழும் ஆடி ஆடி ஒரே இடத்துக்கு, 0.432-க்கு வந்து சேரும். பத்தாவது அடியில் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். எங்கிருந்து தொடங்கினோம் என்பதைச் சங்கிலி மறந்துவிடுகிறது. சார்பு இருந்தும் பேரெண் விதி பிழைப்பது இந்த மறதியால்தான்.

பத்துக்குப் பத்துக் கட்டத்தின் பயன் இப்போது தெரியும். குறுக்கே பக்கத்து எழுத்துகள் ஓர் அடி தூரம். நெடுக்கே மேலும் கீழும் உள்ளவை பத்து அடி தூரம். உங்கள் கட்டத்தில் நெடுக்கு ஜோடிகளை எண்ணி அதே விகிதங்களைப் போடுங்கள். ‘உயிருக்குக் கீழே உயிர்’, ‘மெய்க்குக் கீழே உயிர்’ இரண்டும் மொத்த விகிதத்தின் அருகே வரும். வராவிட்டால் உரை செய்யுளா என்று பாருங்கள். யாப்பின் ஒழுங்கு வரிக்கு வரி திரும்புவதால் தூரத்து எழுத்துகளும் கட்டுப்படலாம்.

கூகுள் தேடலுக்குத் தொடக்கத்தில் அடிப்படையாக இருந்த, இணையப் பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் (1998) முறை செய்வதும் இதே மறுபடி மறுபடிப் பெருக்கல்தான். அங்கே நிலைகள் உயிர், மெய் என்று இரண்டல்ல, கோடிக்கணக்கான பக்கங்கள். இணைப்பைப் பிடித்துப் போவதற்கு 0.85, எங்காவது புதிதாகத் தாவுவதற்கு 0.15. எங்கே தொடங்கினாலும் கடைசியில் நிலைக்கும் விகிதமே பக்கத்தின் மதிப்பு. அந்தத் தாவல் இல்லாவிட்டால், வெளியே போக வழியில்லாத பக்கங்களில் சங்கிலி மாட்டிக்கொள்ளும்.

கணிப்பொறியில் செய்பவர்களுக்கு

தமிழ் யூனிகோடில் எழுத்தின் எண்ணிக்கையை நிரல் தரும் ‘நீளம்’ என்று நம்பாதீர்கள். ‘கி’ என்பது க, இகரக் குறி என்று இரண்டு குறியீடு. ‘க’ என்பது ஒரே குறியீடு, ஆனால் நமக்கு க் + அ இரண்டு. ‘க்’ என்பது இரண்டு குறியீடு, நமக்கு ஒன்று. விதி இப்படி இருக்கட்டும்: தனி உயிர் வந்தால் 1. மெய் வரிசை எழுத்து வந்தால் 0 போட்டு அடுத்த குறியீட்டைப் பாருங்கள். அது புள்ளியானால் வேறொன்றும் வேண்டாம், உயிர்க்குறியானால் 1, இரண்டுமில்லையானால் அகரத்துக்காக 1. மற்றதெல்லாம் விட்டுவிடலாம்.

‘கொ’ போன்றவை சில கோப்புகளில் ஒரே உயிர்க்குறியாகவும், சிலவற்றில் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். பின்னது இருந்து, உயிர்க்குறி ஒவ்வொன்றுக்கும் நிரல் 1 போட்டால் ஓர் உயிர் கூடுதலாக விழும். முதலில் யூனிகோடு சீராக்கம் செய்துகொள்ளுங்கள். ஔகாரத்துக்குப் பதில் ஒ, ள என்று தட்டியிருப்பார்கள். ‘ஒளவை’ என்று தேடிப் பிடித்துத் திருத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிகள் ‘க்ஷ’ அருகில் ஒளிந்திருக்கும். நிரல் தந்த முதல் கட்டத்தைக் கையால் எண்ணிச் சரிபார்க்காமல் மேலே போக வேண்டாம்.

எண்ணியவர்

இவ்வளவு எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். மார்க்கோவுக்கு மனிதர்களிடம் இல்லாத பொறுமை எண்களிடம் இருந்தது. 1856-ல் ரியாசானில் பிறந்தார். சிறுவயதில் காலில் நோய், பத்து வயது வரை ஊன்றுகோல். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதர் செபிஷேவின் மாணவர். 1880-ல் இருபடி வடிவங்கள் பற்றியும், 1884-ல் தொடர் பின்னங்கள் பற்றியும் ஆய்வேடுகள். நிகழ்தகவு பிற்பாடு வந்தது. 1888-ல் அவர் வெளியிட்ட நிகழ்தகவுத் தொகையீட்டு அட்டவணை பதினொரு தசம இடம் வரை போகும். அப்படிப்பட்டவருக்கு 20,000 எழுத்து பெரிய பாரமல்ல.

சண்டைக்கோழி என்றே பெயர். ‘ஆவேச அந்திரேய்’ என்று அழைத்தார்கள். 1902-ல் எழுத்தாளர் கார்க்கி அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை ஜார் அரசு ரத்து செய்தபோது எதிர்த்தார். டால்ஸ்டாயைத் திருச்சபை விலக்கியது 1901-ல். 1912-ல் மார்க்கோவ் தன்னையும் விலக்கச் சொல்லித் திருச்சபைக்குத் தானே கடிதம் எழுதினார். 1913-ல் நாடே ரோமானோவ் வம்சத்தின் 300-ஆம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருக்க, இவர் பேரெண் விதியின் 200-ஆம் ஆண்டு விழாவை நடத்தினார். 1917-ல் புரட்சிக் கொந்தளிப்பின்போது ஸராய்ஸ்க் என்ற சிற்றூருக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பள்ளியில் கணிதம் நடத்தினார். 1922-ல் பெத்ரோகிராதில் இறந்தார். மகனும் அந்திரேய் மார்க்கோவ்தான், கணிதர்தான்; பெயரைப் பார்த்துத் தேதிகளைக் கலந்துவிட வேண்டாம். மகன் பிறந்தது 1903-ல், இறந்தது 1979-ல். தம்பி விளாதிமிரும் கணிதர். 1897-லேயே இளவயதில் போய்விட்டார். இணையத்தில் மூவரின் தேற்றங்களையும் ஒருவர் தலையில் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த பயிற்சி

எண்ணி முடித்தவர்கள் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: சங்கிலியிலிருந்து உரையை உண்டாக்குவது. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948-ல் சொன்ன வழி இதற்கு எளிது. ஒரு கனமான புத்தகத்தை எங்காவது திறந்து ஒரு சொல்லை எடுங்கள். இன்னொரு பக்கத்தைத் திறந்து அதே சொல் வரும் வரை படியுங்கள். அதற்கு அடுத்த சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். மீண்டும் வேறு பக்கம், அந்தச் சொல், அதற்கடுத்தது. ‘ஒரு’, ‘என்று’, ‘அந்த’ போன்ற சொற்கள் உடனே கிடைக்கும். விகுதிகள் ஏறிய வினைச்சொல் ஒன்று வந்துவிட்டால் புத்தகம் முழுக்கத் தேடினாலும் மறுபடி கிடைக்காமல் போகலாம். தமிழ்ச் சொற்கள் அவ்வளவு ஒட்டுகளோடு நடப்பதால் இங்கே இது அடிக்கடி நேரும். அப்போது சொல்லுக்குப் பதில் அதன் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பொருத்தித் தேடுங்கள், சங்கிலி அறாமல் ஓடும்.

மார்க்கோவ் புஷ்கினோடு நிற்கவில்லை. ரஷ்ய எழுத்தாளர் அக்சாகோவின் உரைநடையில் 100,000 எழுத்தையும் இதே போல எண்ணினார். நீங்களும் ஒரு செய்யுள், ஓர் உரைநடை என்று இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பெண் வேறுபட்டால் முதலில் பதிப்பின் சந்தி வழக்கைச் சந்தேகியுங்கள், நடையை அப்புறம்.